சுமேரியரின் வாய்க்கால்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக வரலாற்றுப் பகுதிக்காக மெசபடோமியா படித்தேன். எல்லாக் கையேடுகளிலும் ஒரே வரிதான். யூப்ரடீஸும் டைக்ரிஸும் வெள்ளத்தில் வண்டலைக் கொண்டுவந்தன, மண் வளமானது, மக்கள் குடியேறினர், நாகரிகம் தோன்றியது. எனக்கு இது இடிக்கிறது. வண்டல் இல்லாத ஆறு எது? பிறகு ஏன் எல்லா ஆற்றங்கரையிலும் அப்படி நகரங்கள் எழவில்லை? அவ்வளவு அள்ளிக் கொடுத்த ஆறுகள் இன்றும் ஓடுகின்றனவே, நகரங்கள் மட்டும் ஏன் மண்மேடாகிப் போயின? சுமேரியருக்கும் பாபிலோனியருக்கும் என்ன வித்தியாசம் என்பதிலேயே எனக்குக் குழப்பம், அதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று. என் அறை நண்பன் சுமேரியர்கள் தமிழர்களே என்று தினமும் ஒரு காணொளி அனுப்புகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

க., மதுரை

அன்புள்ள க.,

குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இன்றைய ஈராக்கின் தென்கோடிச் சமவெளிதான் சுமேர். ஊருக், ஊர் (இதுவும் ஒரு நகரத்தின் பெயர்தான்), லகாஷ், உம்மா, நிப்பூர் என்று தனித்தனி நகரங்கள், பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி ஆட்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் தெய்வம். அதற்கு வடக்கே, இன்றைய பாக்தாத் சுற்றுவட்டாரத்தில், அரபு, ஹீப்ரு மொழிகளுக்கு உறவான அக்காடிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள். கி.மு. 2334 வாக்கில் ஆட்சிக்கு வந்த அக்காத் நகரத்துச் சர்கோன் இரண்டு பகுதிகளையும் பிடித்து ஒன்றாக்கினான். அது சிதறியபின் கி.மு. 2112 முதல் 2004 வரை ஊர் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசு, அதுவும் விழுந்தபின் மேற்கிலிருந்து வந்த அமோரியர்கள். அந்த அமோரியக் குடும்பங்களில் ஒன்று பாபிலோன் என்ற, அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஓர் ஊரில் உட்கார்ந்தது. அதில் ஆறாவதாக வந்தவன்தான் நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் ஹம்முராபி (கி.மு. 1792–1750). ஆக, பாபிலோனியர் என்பது சுமேரியரைத் துடைத்துவிட்டு வந்த வேறொரு கூட்டம் கிடையாது. அதே சமவெளி, களிமண் பலகையில் ஆப்பு வடிவில் குத்தி எழுதும் அதே ஆப்பெழுத்து, பெயர் மாறிய அதே தெய்வங்கள், அதே வாய்க்கால்கள். வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழி மட்டும் மெல்ல மெல்ல அக்காடியமாகிவிட்டது.

இப்போது அந்த வண்டல் வரி. உங்களுக்கு இடிப்பது நியாயம்தான். அந்த வரியை எழுதியவர்கள் நைல் நதியை மனதில் வைத்துக்கொண்டு மெசபடோமியாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். நைலில் வெள்ளம் கோடையின் இறுதியில் வரும், அக்டோபர் வாக்கில் வடியும், வடிந்த ஈரத்தில் விதைத்துவிடலாம். ஆறே விவசாயியின் நாட்காட்டி பார்த்து நடந்துகொள்கிற மாதிரி. யூப்ரடீஸும் டைக்ரிஸும் அப்படி இல்லை. இவற்றின் வெள்ளம் துருக்கி மலைகளின் பனி உருகி வருவது. டைக்ரிஸ் ஏப்ரலிலும் யூப்ரடீஸ் மே மாதத்திலும் உச்சத்துக்குப் போகும். பார்லியோ அக்டோபர், நவம்பரில் விதைத்து ஏப்ரல், மே மாதங்களில் அறுக்கிற பயிர். விதைக்கும்போது தண்ணீர் வேண்டும், அப்போது ஆறு வற்றிக் கிடக்கிறது; கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும்போது தண்ணீர் வரவே கூடாது, அப்போது கரை புரண்டு வருகிறது! மழையை நம்பலாமா என்றால், பயிர் வைக்க வருடத்துக்கு 200 மில்லிமீட்டருக்கு மேலாவது வேண்டும், தென் ஈராக்கில் அது பெய்வதில்லை. இதைப் போய் ஆறு அள்ளிக் கொடுத்தது என்று எழுதினால் எப்படி?

சரி, வண்டல் பொய்யா? பொய்யில்லை, அந்த மண் வளமானதுதான். ஆனால் அந்த வண்டலே வேறொரு தொல்லை. தட்டையான சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறு வண்டலைத் தன் படுகையிலேயே கொட்டிக்கொண்டு போகும், படுகை உயரும், கரையும் உயரும், கடைசியில் சுற்றியுள்ள வயலைவிட ஆறு மேடாக ஓடும். இதில் ஒரு வசதி உண்டு, கரையில் ஓர் இடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். ஆபத்தும் அதே இடத்தில்தான், வெள்ளத்தில் கரை உடைந்தால் ஆறு பழைய படுகைக்குத் திரும்பாமல் புது வழியில் போய்விடும். வாய்க்காலும் வண்டலால் தூர்ந்துபோகும். அதனால் வெட்டினால் மட்டும் போதாது, வருடா வருடம் இறங்கித் தூர்வார வேண்டும். ஒருவர் வரப்பைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சும்மா இருக்க முடியாத வேலை இது.

இந்த வேலை அவர்களை எவ்வளவு ஆட்டி வைத்தது என்பதற்கு அவர்களுடைய படைப்புக் கதையே சாட்சி. அத்ராஹாசிஸ் என்ற பாபிலோனியக் காவியம், கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய பலகைகள் கிடைத்திருக்கின்றன. மனிதன் படைக்கப்படுவதற்கு முன் இந்த வேலையெல்லாம் தெய்வங்கள் தலையில் இருந்தது என்று தொடங்குகிறது. என்ன வேலை? வாய்க்கால் வெட்டுவது. சிறு தெய்வங்கள் டைக்ரிஸையும் யூப்ரடீஸையும் வெட்டி வெட்டிச் சலித்துப்போய், ஒருநாள் மண்வெட்டியையும் கூடையையும் தீயில் போட்டுவிட்டு, நடுராத்திரியில் பெரிய தெய்வம் என்லிலின் வீட்டை முற்றுகையிடுகின்றன. என்லில் வெளிறிப்போகிறான். கடைசியில் சமரசம்: ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்து, கூடையை அவன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். உலகத்தில் வேலைநிறுத்தத்தைப் பற்றிய மிகப் பழைய கதைகளில் ஒன்று இது, அதை நடத்தியவர்கள் தெய்வங்கள்! ஆற்றை வரமாக நினைத்த ஒரு சமூகம் இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்காது.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால் ஒரு சுமேரியப் பலகை இருக்கிறது. அப்பன் மகனுக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்பதாக எழுதிய நூறு வரி சொச்சம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பிரதியெடுத்து எழுதிப் பழகிய பாடம், அதனால் பல பிரதிகள் கிடைத்தன. வயலில் தண்ணீர் விடும்போது மடையையும் வரப்பையும் பார்த்துக்கொள், தண்ணீர் அதிகம் ஏறிவிடக் கூடாது என்று ஆரம்பிக்கிறார். விதைப்பவன் பக்கத்திலேயே நின்று கவனி, விதை இரண்டு விரல் ஆழத்தில் விழ வேண்டும் என்கிறார் (ஆள் வைத்து விதைக்கிற எவரும் சொல்வதுதான்). பிறகு தண்ணீர்க் கணக்கு வருகிறது. பயிர் உழவுசாலின் அடியை நிரப்பியதும் ஒரு தண்ணீர், படகில் விரித்த பாயின் உயரத்துக்கு வந்ததும் அடுத்தது, கதிர் வாங்கியபின் இன்னொன்று, பயிர் சிவந்தால் அது நோய், விட்டுவிடு. மணி நன்றாகப் பிடித்திருந்தால் நான்காவதாக ஒரு தண்ணீர் கொடு, பத்துக்கு ஒன்று கூடுதலாக விளையும். பத்துக்கு ஒன்று என்று சொல்லத் தெரிந்தவன் அளந்து பார்த்திருக்கிறான், எழுதி வைத்திருக்கிறான். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் வருகிற அறிவில்லை இது.

எழுத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதோடு ஒட்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன். ஊருக் நகரத்தில் கிடைத்த மிகப் பழைய பலகைகள் கி.மு. 3300–3100 காலத்தவை. அவற்றில் கவிதை இல்லை, ராஜா கதை இல்லை, சாமி பாட்டும் இல்லை. பெரும்பகுதி கணக்கு: இத்தனை பார்லி, இத்தனை ஆடு, இத்தனை குடம் பீர், யாரிடம் கொடுத்தது. மீதி, எழுதக் கற்பவர்களுக்கான சொற்பட்டியல்கள். அதே காலத்து மண்ணில் ஒரே மாதிரி முரட்டுத்தனமாகச் செய்த, விளிம்பு சரிந்த மண் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, ஆளுக்கு இவ்வளவு என்று படி அளந்த கிண்ணங்கள் என்று பலர் கருதுகிறார்கள். ஊர் நகரத்து அரசின் காலத்தில் இந்தக் கணக்குப் பித்து உச்சத்துக்குப் போனது, அந்த நூறு வருடத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 லட்சம் பலகைகள் கிடைத்திருக்கின்றன. வேலையாளாக இருந்த ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30 சிலா, ஒரு சிலா என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நெசவுக்கூடங்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில், குழந்தைகளோடு, பெயர் போட்டுப் பதிவாகியிருக்கிறார்கள். செத்துப்போனவர் பெயருக்கு எதிரே செத்தார் என்றும், ஓடிப்போனவர் பெயருக்கு எதிரே ஓடிவிட்டார் என்றும் குறிப்பு.

இதில் எனக்கு மிகவும் கொடுமையாகத் தெரிவது உம்மா நகரத்து மேஸ்திரிகளின் கணக்கு. மேஸ்திரியின் கீழ் இத்தனை ஆட்கள், அவர்கள் வருடத்துக்கு இத்தனை ஆள்-நாள் வேலை தர வேண்டும் என்று அரசு முதலிலேயே பற்று எழுதிவிடும். வாய்க்கால் வெட்டியது, அறுத்தது, மாவு அரைத்தது எல்லாம் வரவு. வெட்டுவதற்கு ஒரு நிர்ணயம் உண்டு, பெரும்பாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் மண். வரவு குறைந்தால் பாக்கி அடுத்த வருடத்துக்குப் போகும். பாக்கி பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் போகும், மேஸ்திரி செத்தால் அவன் வீட்டைப் பிடிப்பார்கள். பின்னாளில் பாபிலோனியப் பள்ளிகளில் பையன்களுக்குக் கொடுத்த கணக்குகளிலும் இதேதான்: வாய்க்காலின் நீளம், அகலம், ஆழம் இவ்வளவு, ஒருவன் ஒரு நாளில் வெட்டுவது இவ்வளவு, கூலி இவ்வளவு பார்லி, எத்தனை ஆள் வேண்டும்? நம் பள்ளிக்கூடத்தில் பத்து ஆட்கள் ஒரு குளத்தை வெட்ட எத்தனை நாள் என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குக் குறைந்தது மூவாயிரத்து எழுநூறு வயது.

இதையெல்லாம் வைத்து, வாய்க்காலை நிர்வகிக்கத்தான் ராஜாவும் அரசும் வந்தன என்று ஒரு நேர்கோடு போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு கோட்பாடு ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வருடம் அந்தச் சமவெளியில் அலைந்து பழைய வாய்க்கால் தடங்களையும் மேடுகளையும் வரைபடமாக்கினார். ஆரம்பத்தில் பாசனம் சின்னச் சின்னதாக, அந்தந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளும் அளவில்தான் இருந்தது, நகரங்களும் ஆட்சிகளும் வந்தபிறகே பெரிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டன என்று அதில் தெரிந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதை ஒட்டித்தான். மழை பெய்கிற ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம், ராஜா பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். தெற்கு ஈராக்கில் வாய்க்காலை விட்டு நகர்ந்தால் பாலை. மண்ணையும் நாணலையும் நிலக்கீலையும் தவிர எதுவும் கிடையாது, கல் இல்லை, நல்ல மரம் இல்லை, உலோகம் இல்லை. ஆதியில் அவர்கள் அறுவடைக்குச் சுட்ட களிமண்ணில் அரிவாள் செய்திருக்கிறார்கள், அவ்வளவு பற்றாக்குறை. தாமிரம் ஓமானிலிருந்து வர வேண்டும், நீலக்கல் ஆப்கானிஸ்தானிலிருந்து. கையில் இருப்பது தானியமும் கம்பளியும் துணியும். மிச்சம் பிடித்து, சேர்த்து, எண்ணி, அனுப்பினால்தான் ஒரு செப்புக் கோடாலி வரும். நிர்வாகம் அங்கே இப்படித்தான் முளைத்தது.

ஹம்முராபியிடம் வருவோம். 2.25 மீட்டர் உயரக் கருங்கல்லில் செதுக்கிய சட்டம், எலாம் அரசன் ஒருவன் கொள்ளையடித்து ஈரானின் சூசாவுக்குக் கொண்டுபோய், 1901–02-இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியெடுத்து, இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோரும் கண்ணுக்குக் கண் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் மேல்தட்டுக்காரன் இன்னொரு மேல்தட்டுக்காரன் கண்ணைக் கெடுத்தால்தான், சாதாரணக் குடியானவன் கண் என்றால் ஒரு மினா (ஏறத்தாழ அரைக் கிலோ) வெள்ளி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் 48-ஆம் பிரிவையும் 53 முதல் 55 வரையும் படியுங்கள். தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பேறித்தனமாக விட்டு, உடைப்பெடுத்து அடுத்தவன் வயல் மூழ்கினால் அவன் நஷ்டத்தைத் தானியமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, நஷ்டப்பட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மடையைத் திறந்துவிட்டு அசட்டையாக இருந்தாலும் ஈடு உண்டு. 48-ஆம் பிரிவு வேறு மாதிரி. கடன் வாங்கியவன் வயலைப் புயல்வெள்ளம் அடித்துவிட்டாலோ, தண்ணீரில்லாமல் விளையாமல் போனாலோ, அந்த வருடம் அவன் தானியம் திருப்பித் தர வேண்டாம், வட்டியும் கிடையாது, தன் கடன் பலகையை நனைத்துக்கொள்ளலாம். பலகை களிமண், சுடாதது. நனைத்தால் எழுத்து இளகும், நிபந்தனையை மாற்றி எழுதலாம். நம் ஊரில் பத்திரத்தில் அடித்துத் திருத்தி எழுதுவதற்குச் சமம்.

சட்டமாவது ஊருக்குக் காட்ட வைத்தது என்று சொல்வார்கள், நீதிபதிகள் அதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதற்கு ஆதாரமும் பலவீனம். ஆனால் அவன் அதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. தெற்கே லார்சா நகரத்தில் இருந்த சின்-இத்தினம் என்ற அதிகாரிக்கு ஒன்று: தமானும் வாய்க்கால் கரையில் நிலம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுத் தூர்வாரச் சொல், இந்த மாதத்துக்குள் முடிய வேண்டும். அவ்வளவுதான் கடிதம். ஒரு பேரரசன் எந்த வாய்க்கால், யார் வெட்டுவது, எப்போதுக்குள் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். குடிமராமத்து என்ற ஏற்பாடு தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது கேள்வி, ஏன் மண்மேடாயிற்று. ஒரே காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சண்டை ஒரு காரணம், அந்தச் சண்டையிலும் தண்ணீர் இருந்தது. உம்மா மேல்மடை, லகாஷ் கீழ்மடை. நடுவில் இருந்த விளைநிலத்துக்காகவும் எல்லை வாய்க்காலுக்காகவும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். லகாஷ் அரசன் இயன்னாத்தும் கி.மு. 2450 வாக்கில் ஜெயித்துக் கழுகுகள் பிணம் தின்னும் காட்சியோடு கல் நாட்டினான், அதன் உடைந்த துண்டுகளும் லூவ்ரில்தான். அவன் தம்பி மகன் என்மெத்தேனா, உம்மாக்காரன் தண்ணீரைத் திருப்பினான், வாங்கிய பார்லிக்கு வட்டி கட்டவில்லை என்று களிமண் கூம்பில் பக்கம் பக்கமாகப் புகார் எழுதி வைத்திருக்கிறான். வென்றவன் எழுதியது, உம்மாவின் தரப்பையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். உம்மாவை நம்பிப் பயனில்லை என்று லகாஷ் டைக்ரிஸிலிருந்தே தனி வாய்க்கால் வெட்டிக்கொண்டது.

அங்கேதான் உப்பு வருகிறது என்றார்கள் சுமேரிய ஆய்வாளர் தார்க்கில்ட் ஜேக்கப்சனும் முன்பு சொன்ன ஆடம்ஸும், 1958-இல் எழுதிய கட்டுரையில். தண்ணீர் தாராளமாகக் கிடைத்ததும் நிலத்தடி நீர் மட்டம் ஏறியது, வடிகால் இல்லாத தட்டைச் சமவெளி, வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மேலே பூத்தது. உப்பைப் பார்லி ஓரளவு தாங்கும், கோதுமை தாங்காது. கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறைய சம அளவு, பிறகு லகாஷ் அரசைச் சேர்ந்த கிர்சுவில் ஆயிரம் வருடம் கழித்துக் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 2100-இல் 2 சதவீதத்துக்கும் கீழே. விளைச்சலும் ஹெக்டேருக்கு 2,537 லிட்டரிலிருந்து 1,460-க்கு இறங்கி, கி.மு. 1700-இல் லார்சாவில் 897 என்று கணக்குக் கொடுத்தார்கள். 1985-இல் மார்வின் பவல் என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கை மறுத்தார். அந்த விவசாயிகளுக்கு உப்பை அலசி விடவும், நிலத்தைத் தரிசு போட்டு ஆற்றவும் தெரியும், எண்களை வாசித்த விதமே சரியில்லை என்றார். நான் நடுவில் நிற்கிறேன். ஒருவருடம் விட்டு ஒருவருடம் தரிசு போட்டால் உப்பு அடங்கும், உண்மைதான். ஆனால் பாக்கிக் கணக்கு ஏறிக்கொண்டே போகிற மேஸ்திரியிடம் வயலைச் சும்மா போடு என்று யார் சொல்வது?

மீதியை ஆறே பார்த்துக்கொண்டது. ஹம்முராபியின் மகன் சம்சு-இலுனா காலத்தில் தெற்கே கலகம், அதையொட்டி ஊர், ஊருக், லார்சா என்று வரிசையாக நகரங்கள் காலியாயின. பேரன் அபி-ஏஷு ஒருபடி மேலே போய், தெற்கே கடலோரம் இருந்த எதிரியான கடல்நாட்டு அரசனைப் பிடிக்க டைக்ரிஸையே அணைகட்டி மறித்தான். அணை நின்றது, அரசன் தப்பிவிட்டான்! கி.மு. 1595-இல் அனடோலியாவிலிருந்து வந்த ஹிட்டைட்டுகள் பாபிலோனைச் சூறையாடியதோடு அந்த வம்சம் முடிந்தது. நாகரிகம் முடியவில்லை, பாபிலோன் அதற்குப் பிறகும் ஆயிரம் வருடத்துக்கு மேல் பெரிய நகரம்தான். ஆப்பெழுத்தில் வானியல் குறிப்பு எழுதுகிறவர்கள் கி.பி. முதல் நூற்றாண்டுவரை அங்கே இருந்தார்கள். யூப்ரடீஸ் இன்றும் ஓடுகிறது என்கிறீர்கள், ஓடுகிறது, ஆனால் அதே இடத்தில் இல்லை. அதன் கரையில் இருந்த ஊர் நகரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

உங்கள் நண்பருக்கு. சுமேரிய மொழிக்கு உறவு மொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை, தமிழ் உட்பட. இரண்டும் ஒட்டுமொழி, அதாவது வேர்ச்சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி என்பார், துருக்கியும் பின்னிஷும் ஜப்பானியமும் அப்படித்தான், அதனால் அவர்களெல்லாம் மதுரைக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். நாலு பெயர் ஒற்றுமையை வைத்துக் காணொளி எடுக்கலாம், மொழிக்குடும்பம் கட்ட முடியாது. அவருக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் வேறொரு பக்கம் திருப்பிவிடுங்கள். மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நிற்கின்றன என்று சர்கோன் பெருமையடித்திருக்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பதில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களுக்குச் சந்தேகமில்லை. ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிப் பாணியில் கோலம் இழைத்த செம்மணிகளும், அந்த நகரத்தில் சிந்துவெளி முத்திரைகளும் கிடைத்தன. அக்காதியர் காலத்து உருளை முத்திரை ஒன்றில் ஷு-இலிஷு என்று உடையவன் பெயரும், மெலுஹா மொழிபெயர்ப்பாளன் என்று அவன் தொழிலும் வெட்டியிருக்கிறது. ஆக இரண்டு பக்கமும் வேறு வேறு மொழி, நடுவில் ஒருவன் நின்று பேச வேண்டியிருந்தது. சுமேரியரும் மெலுஹாக்காரரும் ஒரே மொழி பேசியிருந்தால் அவனுக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது, இதை உங்கள் நண்பருக்கு அனுப்பி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.